அளக்கவில்லை என்று எழுது

காவ்யா,

இன்று ஜூன் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறேகால் மணி. உன் வீடியோவை இந்த நிமிஷம் வரைக்கும் நான்கு லட்சத்துப் பதினோராயிரத்துச் சொச்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். நான் இந்த வரியை முடிப்பதற்குள் இன்னும் நாலு பேர் பார்த்திருப்பார்கள். நீ நாளைக் காலை சென்னை பஸ் ஏறுகிறாய். பெரிய சேனல், பெரிய வேலை, அந்த வீடியோவைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். கீழே உன் அம்மா பொழுது விடிந்ததும் விடியாததுமாக முறுக்குக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து எழுதுகிறேன். நாலு வாரமாக வாயால் சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே நான் கத்த ஆரம்பித்துவிடுகிறேன், நீ காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாய். எழுத்து என்றால் நீயும் குறுக்கே பேச முடியாது, நானும் கத்த முடியாது.

இதை உன் கையில் மட்டும் கொடுத்திருக்கலாம். உன் அம்மாவும் அதைத்தான் சொன்னாள்: "வூட்டு விஷயத்த ஊர்ல போடுவீங்களா?" வீடியோ ஊரில் இருக்கிறது, அதற்கான பதில் மட்டும் வீட்டுக்குள் இருந்தால் நியாயமில்லை. உன் வீடியோவுக்குக் கீழே கமெண்ட்டாகப் போடத்தான் முதலில் எழுதினேன். நீளம் அதிகம் என்று அது ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் என் பக்கத்தில் போடுகிறேன். வீடியோ வந்த உள்ளூர்ச் சேனல், உன்னைக் கூப்பிட்ட சேனல், இரண்டின் பெயரையும் எழுதவில்லை. சுரீந்தர் என்று கீழே வருகிறவனின் பெயரும் சுரீந்தர் இல்லை, அவனைக் கேட்டு மாற்றிய பெயர்.

இந்த மாதிரிக் கடிதங்களைத் தலை நரைத்த அப்பாக்கள் எழுதினால்தான் எடுபடும். எனக்கு நாற்பத்து மூன்று. இருபத்தொன்றில் கல்யாணம், மறுவருஷம் நீ. போன தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் அந்தப் பெண், "அண்ணனையே கலர் பாக்கச் சொல்லுங்க" என்று உன்னிடம் சொல்லி, நீ ஒரு வாரம் அதை வைத்துச் சிரித்தாய். வயசானவர்களுக்கு வருமே ஒரு நிதானம், அது எனக்கு இன்னும் வரவில்லை, வருகிற அறிகுறியும் இல்லை. பதினெட்டு வருஷமாகக் குவாலிட்டியில் இருக்கிறேன். பிரேக்குக்குப் போகிற பாகங்களை அளந்து, சரி அல்லது தப்பு என்று சொல்வது என் வேலை. 'கிட்டத்தட்ட சரி' என்று எங்களிடம் ஒரு பெட்டி கிடையாது. அந்தப் புத்தியோடுதான் எழுதுகிறேன். பிடிக்காவிட்டாலும் கடைசி வரை படி.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். சுரீந்தர் எங்கள் ஆலையில் சிஎன்சி மெஷின் ஆபரேட்டர். ஜம்மு பக்கம், நின்று பார்த்தால் எல்லை வேலி தெரிகிற ஒரு கிராமம். மூன்று வருஷமாக ஓசூரில் இருக்கிறான். கேன்டீனில் எல்லோரும் "காஷ்மீரு" என்பார்கள். "காஷ்மீர் இல்ல அண்ணா, ஜம்மு" என்பதுதான் அவன் தமிழில் கற்றுக்கொண்ட முதல் வாக்கியம். எங்கள் லைனில் ஒரிசாக்காரன் இருக்கிறான், பீகார்காரன் இருக்கிறான், அரியலூரிலிருந்து வந்த நான் இருக்கிறேன், வீட்டில் தெலுங்கும் வெளியே கன்னடமும் பேசுகிற தளி பக்கத்து ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் யாருடைய ஊரும் செய்தியில் வராது. போன மாதம் ஒரு வாரம் இவன் ஊர்ப் பக்கம் மட்டும் தினமும் வந்தது. வேலிக்கு இரண்டு பக்கமும் குண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், தம்பி எல்லோரையும் பக்கத்து டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்த் தங்கவைத்துவிட்டார்கள். கிராமத்தில் மிச்சம் இருந்தது பூட்டிய வீடும் ஒரு எருமையும். சாயங்காலம் நாலு மணிக்கு முகாமில் ஜெனரேட்டர் போடுவார்கள், அப்போதுதான் அவன் மனைவியின் போனுக்கு உயிர் வரும். அந்த நேரத்துக்கு இவன் மெஷினை விட்டு வெளியே போயாக வேண்டும். பக்கத்து மெஷின் முனிராஜ், அஞ்செட்டிக்காரர், யாரும் சொல்லாமலே நாலு மணிக்கு வந்து நடுவில் நின்றுகொண்டு இரண்டு மெஷினையும் பார்த்துக்கொள்வார். "போய்ப் பேசிட்டு வா காஷ்மீரு, இதுங்க எங்கயும் ஓடிப் போவாது" என்பார்.

இதை உன்னிடம் சொன்னதே நான்தான். ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னேன். நீ சோற்றில் வைத்த கையை நிறுத்திவிட்டு, "அப்பா, இது ஸ்டோரி" என்றாய். அந்த வாரம் டிவியில் ஆளுக்கொரு எதிரி நகரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விடிந்து பார்த்தால் அந்த நகரங்கள் எல்லாம் நின்ற இடத்தில் நின்றன. அதைப் பார்த்து என்னைவிட நீதான் அதிகம் கோபப்பட்டாய். "அவங்கள மாதிரி கத்தாம, நம்ம ஊர்ல இருந்து ஒரு மனுஷனக் காட்டலாம்ப்பா" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை. மறுநாளே அவனிடம் நான்தான் பேசினேன். "சார் பொண்ணுன்னா சரி" என்று வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை நம் மத்திகிரி வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தான். அம்மா களியும் கீரைக் கடைசலும் வைத்தாள். அவன் களியை ரொட்டி மாதிரி மென்றுகொண்டிருந்ததைப் பார்த்து, "மெல்லாத தம்பி, அப்பிடியே முழுங்கு. பல்லுக்கு வேல வச்சா களி கோவிச்சுக்கும்" என்றாள். நான் அதை மெஷின்களுக்கு நடுவில் கற்ற ஷாப் ஃப்ளோர் இந்தியில் சொல்ல, அவன் புரையேறச் சிரித்தான். பிறகு இதே மாடியில், இதே தொட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து நீ கேமராவைப் போட்டாய். நடுவில் நான், மொழிபெயர்ப்பு. வீடு என்ன ஆனது என்று கேட்டாய். தெரியாது என்றான். என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்றாய். "இருக்கலாம், விழுந்திருக்கலாம். தெரியாததத் தெரியாதுன்னுதானே சொல்ல முடியும் சார்" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். நீ விடவில்லை, வேலை செய்யும்போது அழுகை வருமா என்று கேட்டாய். "மெஷின்கிட்ட நிக்கும்போது கண்ணத் தொடக் கூடாது. கையில கூலண்ட் எண்ணெய் இருக்கும், எரியும்" என்றான். அவ்வளவுதான். மணி நாலாகப் போகிறது என்று எழுந்து, மாடி மூலையில் நின்று போன் போட்டான். லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டான். நீ அதையும் படம் பிடித்தாய், முதுகுப் பக்கமாக. அந்த ஒரு காட்சி போதும் என்று எனக்குப் பட்டது. உனக்குப் போதவில்லை.

திங்கட்கிழமை மதியம் கேன்டீனில் எல்லோர் போனிலும் உன் குரல். தலைப்பு, 'இடிந்த வீட்டின் மகன்.' நல்ல குரல் உனக்கு, அது அம்மா வழி. எங்கேயோ எடுத்த இடிந்த சுவர், யாருடையதோ ஒரு தொட்டில், மேலே உன் வார்த்தைகள்: வீடு மண்ணோடு மண்ணான சேதி வந்த அன்றும் அவர் இயந்திரத்தை நிறுத்தவில்லையாம், கூலண்டோடு கலந்து வழிந்தது கண்ணீராம். அவன் சொன்னது கண்ணைத் தொடக் கூடாது என்று. நீ அந்தக் கண்ணிலிருந்தே தண்ணீர் எடுத்துவிட்டாய். பையன்கள் கைதட்டினார்கள். சுரீந்தருக்கு உன் தமிழ் புரியவில்லை, தன் ஊரைப் பற்றி நல்லதாக ஏதோ சொல்கிறாய் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். கேன்டீன் அண்ணன் அவன் தட்டில் இன்னொரு வடை வைத்தார்.

அங்கிருந்தே உனக்குப் போன் போட்டேன். ஞாபகம் இருக்கும்.

"வீடு இடிஞ்சதுன்னு அவன் சொல்லவே இல்லையேம்மா."

"அப்பா, அது கிரியேட்டிவ் ஸ்டோரிடெல்லிங். ஒருத்தரோட கத வழியா எல்லாரோட வலியையும் சொல்றது. அந்தப் பக்கம் எத்தனையோ வீடு இடிஞ்சிருக்கு. அதுல ஒண்ணு இவரோடதுன்னு சொன்னா என்ன இப்ப?"

"அவனுக்கு என்னவோ இருக்குமில்ல?"

"ஜனங்களுக்கு இப்ப தைரியம் குடுக்கணும்ப்பா. நாடே பயந்து கெடக்கு. நீங்க கேஜ வச்சுக்கிட்டு வார்த்தைய அளக்காதீங்க."

எனக்குச் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. வைத்துவிட்டேன்.

புதன்கிழமை, பதினோரு மணி இருக்கும், சுரீந்தர் என் மேஜைக்கு வந்தான். நாலு மணிக்கு வர வேண்டிய போன் காலையிலேயே வந்திருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் உன் வீடியோவுக்கு இந்தியில் எழுத்துப் போட்டுச் சுற்றவிட்டிருக்கிறான். அது முகாமுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவன் மனைவி பக்கத்துப் பெண்ணின் போனில் பார்த்துவிட்டு, அதே போனில் கூப்பிட்டு அழுதிருக்கிறாள்: வீடு போனது உனக்கு முன்னாடியே தெரியும், எங்களிடம் மறைத்துவிட்டாய் என்று. தம்பி அதைக் கேட்டதும் சாவியை எடுத்துக்கொண்டு பைக்கில் ஊருக்குள் கிளம்பிவிட்டான். அங்கே குண்டு இன்னும் நிற்கவில்லை.

காவ்யா, அன்றைக்குச் சுரீந்தர் என்னிடம் கோபப்படவே இல்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. அவன் கேட்டது இதுதான்: "சார், பாப்பாகிட்ட கொஞ்சம் கேளுங்க. வீடு போச்சுன்னு அவங்களுக்கு யார் சொன்னது? ஆர்மியா? அந்த ஆள் நம்பர் கெடச்சா தம்பியத் தேடச் சொல்லலாம்." அவன் உன்னை நம்பினான். பத்திரிகைக்காரப் பெண், நமக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பினான். நான் அவன் எதிரிலேயே உனக்குப் போன் போட்டு, யார் சொன்னது என்று கேட்டேன்.  நீ, "யாரும் சொல்லலப்பா, அது ஒரு சித்திரிப்பு" என்றாய். சித்திரிப்பு என்பதற்கு என் ஷாப் ஃப்ளோர் இந்தியில் வார்த்தை இல்லை. "யாரும் சொல்லவில்லை. அவளாகச் சொன்னது" என்றேன். அவன் என் முகத்தையே பார்த்தான். "அப்போ வீடு இருக்கா சார்?" என்றான். தெரியாது என்றேன். "அதத்தானே நானும் சொன்னேன்" என்றான்.

அன்று முழுக்கத் தம்பியின் போன் அடிக்கவில்லை. முனிராஜ் நாலு மணிக்கு வந்தார், ஆனால் இவன் வெளியே போகவில்லை. போய் என்ன பேசுவது. இரண்டு பேரும் ஒரே மெஷினைப் பார்த்தபடி நின்றார்கள். மறுநாள் காலையில்தான் தகவல் வந்தது. தம்பி ஊருக்குப் போனான், வீட்டைப் பார்த்தான். பூட்டு தொங்கியபடி வீடு அப்படியே இருந்தது. திரும்பும்போது இருட்டிவிட்டது, விளக்குப் போடக் கூடாது என்று உத்தரவு, ஹெட்லைட் இல்லாமல் வந்து பாலத்துக் கட்டையில் மோதியிருக்கிறான். இடது முழங்கால் சுக்கல். அந்தப் பையன் டிராக்டர் ஓட்டிப் பிழைக்கிறவன். இடது காலில்தான் கிளட்ச்.

நாட்டுக்குத் தைரியம் கொடுத்ததாகச் சொன்னாயே, அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன். நீ ஆறாவது ஏழாவது படிக்கும்போது தண்ணீர்ப் பிரச்சினையில் மாநில எல்லையில் பஸ் நின்றுபோனது. அந்த வாரம் எனக்கு அந்தப் பக்கம் வேலை. அத்திப்பள்ளி வரை யாரோ ஏற்றி வந்தார்கள், அங்கிருந்து எல்லை தாண்டி ஜூஜூவாடி வரை நடை. ஆயிரக்கணக்கில் நடந்தோம், தோளில் பை, கையில் டிபன் பாக்ஸ். வழியில் ஒரு கன்னடக்கார டீக்கடை அம்மா குடத்தில் தண்ணீர் வைத்திருந்தார். "நீரு குடீரி, ஜகள நம்தல்ல" என்றார், தண்ணி குடிங்க, சண்டை நம்முடையது இல்லை என்று. நான் வீட்டுக்கு வந்து பார்த்தால் உன் அம்மா வாசலில் மயங்கி விழுந்து பக்கத்து வீட்டுக்காரர்கள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார்கள். ஏதோ ஒரு டிவியில் 'தமிழகத் தொழிலாளர்கள் கதி என்ன?' என்று போட்டு, பின்னால் எரிகிற லாரியைக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பொய் என்றுகூட அதைச் சொல்ல முடியாது, கேள்விக்குறி போட்டிருந்தார்கள். நீ அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். "அப்பா நடந்து வர்றாருன்னு அவங்க ஏன் காட்டல?" என்று அன்றைக்கு நீதான் கேட்டாய். பத்திரிகைப் படிப்பு வேண்டும் என்று நீ நின்றபோது நான் சரி சொன்னதற்கு அந்தக் கேள்விதான் காரணம், தெரிந்துகொள்.

ஜனங்கள் கெட்ட சேதியைத் தாங்குவார்கள். சேதியே வராத நாளையும் தாங்குவார்கள், சுரீந்தர் தாங்கவில்லையா? நாலு மணிக்குப் போன் போட்டு, கிடைக்காமல், திரும்பி வந்து மெஷினில் நின்றான். முனிராஜ் நடுவில் வந்து நின்றார். ஒரு நாடு நிலைகுலையாமல் இருப்பது என்றால் எனக்குத் தெரிந்து இதுதான். அதை நீ எடுத்திருக்கிறாய், உன் கேமராவில் இருக்கிறது, மாடி மூலையில் திரும்பி நிற்கிற அந்த முதுகு. அதில் வீடு இடியவில்லை, அதனால் ஒதுக்கிவிட்டாய்.

எங்கள் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டில் சில நாள் ஒரு கட்டத்தை நிரப்ப முடியாது. அளக்கிற கேஜ், அதையே சரிபார்க்கிற காலிப்ரேஷனுக்குப் போயிருக்கும், அளக்க ஒன்றும் இருக்காது. அப்போது அந்தக் கட்டத்தில் 'அளக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சரக்கு லாட் முழுதும் கிளம்பாமல் நிற்கும், லாரிக்காரன் ஹாரன் அடிப்பான், மேனேஜர் என் தலைமேல் நிற்பார். புதிதாக வருகிற பையன்களுக்கு அந்தக் காலிக் கட்டம்தான் பயம். மேல் வரியில் இருக்கிற நம்பரைப் பார்த்து, அதை ஒட்டி வருகிற மாதிரி ஒரு நம்பரைப் போட்டுவிடுவார்கள். அழகாக இருக்கும். அழகாக இருப்பதை வைத்தேதான் பிடிப்போம். நிஜமாக அளந்தது அவ்வளவு அழகாக வராது. உன் வீடியோவைப் பார்த்த முதல் நிமிஷமே எனக்கு அதுதான் தோன்றியது: இது அளந்தது இல்லை. 'அவருக்குத் தெரியவில்லை' என்று ஒரு வரி போட்டிருந்தால் உன் கதை அங்கே நின்றிருக்கும். நிற்கட்டுமே. அவன் தம்பியும் முகாமில் நின்றிருப்பான்.

சண்டை நின்று இப்போது வாரங்கள் ஆகின்றன. சுரீந்தர் ஊருக்குப் போய், தம்பிக்கு ஆபரேஷன் முடித்துவிட்டு, போன திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிவிட்டான். "குட் மார்னிங் சார்" என்கிறான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நீ அவனைப் போய்ப் பார்க்கவில்லை. மெசேஜ் போட்டேன் என்றாய். காட்டு என்றேன். கைகூப்பின பொம்மை இரண்டு. வீடியோவை எடு என்றால் உள்ளூர்ச் சேனலில் விடமாட்டார்கள் என்றாய். சரி, வீடு இடியவில்லை என்று நீயாவது உன் முகத்தைக் காட்டி இன்னொரு வீடியோ போடு என்றேன். சென்னை வேலை போய்விடும் என்றாய். அப்புறம், "எல்லாரும் மறந்துட்டாங்கப்பா, நீங்கதான் பிடிச்சுட்டு இருக்கீங்க" என்றாய். நான்கு லட்சத்துப் பதினோராயிரம். அதில் எத்தனை பேர் இன்னும் அந்த வீட்டை இடித்தே வைத்திருக்கிறார்கள்?

உன் பன்னிரண்டாவது பிறந்த நாளுக்கு நான் வீட்டில் இல்லை. எங்கள் ஆலையிலிருந்து போன ஒரு லாட் பிராக்கெட்டில் ஓட்டை சின்னதாகிவிட்டது. பெங்களூருப் பக்கம் கஸ்டமர் ஆலையில் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அப்படி ஆனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு அனுப்பியவன் நேரில் போக வேண்டும். அவர்கள் இடத்தில், அவர்கள் ஆட்கள் பார்க்கப் பார்க்க, தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பீஸாக எடுத்து அளந்து, நல்லதைத் தனியாகக் கெட்டதைத் தனியாகப் பிரிக்க வேண்டும். பார்த்த பீஸில் பச்சை மையால் ஒரு பொட்டு. பொட்டு இருந்தால் ஒரு மனுஷன் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறான் என்று அர்த்தம். மூன்று நாள் வேலை. இரண்டாம் நாள் நீயும் அம்மாவும் கேக் டப்பாவோடு பஸ் ஏறி அங்கேயே வந்துவிட்டீர்கள். கேட்டில் செக்யூரிட்டி விடவில்லை. நான் கம்பி இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம், கையெல்லாம் எனக்குப் பச்சை. "இது நீ பண்ண தப்பாப்பா?" என்றாய். இல்லை, நைட் ஷிஃப்ட் பண்ணது என்றேன். "அப்ப நீ எதுக்கு உக்காந்துருக்க?" என்றாய். "டப்பா மேல நம்ம பேர்தான இருக்கு" என்றேன். நீ கம்பி வழியாக என் வாயில் கேக்கை ஊட்டிவிட்டு, கன்னத்தில் இருந்த பச்சை மையைத் துடைத்தாய். அழிக்க வராது அது. உன் கையிலும் ஒட்டிக்கொண்டது, மறுநாள் ஸ்கூலில் காட்டிக்கொண்டு திரிந்ததாக அம்மா சொன்னாள்.

உன்னிடம் நான் கேட்பது அதைத்தான். உன் டப்பா மேல் உன் பெயர் இருக்கிறது.

இந்தக் கடிதத்தின் முதல் படியை நேற்று சாயங்காலம் கேன்டீனில் சுரீந்தருக்கு வரிக்கு வரி இந்தியில் சொல்லிக் காட்டினேன். சரியா என்று கேட்காமல் இன்னொருத்தனைப் பற்றி எழுத எனக்கு இப்போது பயம். ஒரு இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினான். 'உன் வீடியோதான் அந்தப் பையனின் காலை உடைத்தது' என்று எழுதியிருந்தேன். "அப்படி இல்ல சார்" என்றான். "தம்பி முன்னாடியே எருமைக்காகப் போகத்தான் துடிச்சிட்டிருந்தான். இன்னிக்கில்லன்னா நாளைக்குப் போயிருப்பான். வீடியோ ஒரு நாள் முன்னாடி அனுப்புச்சு. மறுநாள் போயிருந்தா என்ன ஆயிருக்கும், தெரியாது." எனக்கு அந்த வரி பிடித்திருந்தது. என் கோபத்துக்குப் பொருத்தமாக, அழகாக இருந்தது. அடித்துவிட்டேன். உன் பக்கம் இருக்கிற நியாயத்தை மறைத்தால் நானும் இன்னொரு நம்பரைத்தான் போடுகிறேன். எருமை பிழைத்துக்கொண்டது. அதையும் எழுதச் சொன்னான்.

உன்னைப் போகாதே என்று நான் சொல்லவில்லை. போ. உனக்குக் கதை சொல்லத் தெரியும், அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இந்த லாட்டைப் பிரிக்காமல் அடுத்த லாட்டை ஏற்றினால், நாளைக்குச் சென்னையில் இன்னொரு சண்டை, இன்னொரு காலிக் கட்டம் வரும்போது உன் கை தானாக அதே இடத்துக்குப் போகும். இல்லாத நம்பரைப் போட்டுப் பழகிய பையன்களை எனக்குத் தெரியும்.

இனி நான் செய்யப் போவது:

1. இந்தக் கடிதத்தை எட்டு மணிக்குள் போட்டுவிடுவேன். நீ எழுந்து பார்க்கும்போது இருக்கும். முதலில் கோபப்படு, பிறகு காபி குடி, பிறகு மறுபடி படி.

2. உன் வீடியோவை எடுத்து வேறு ஆட்கள் போட்டிருக்கிற பிரதிகளைத் தேடி, ஒவ்வொன்றின் கீழும் 'வீடு இடியவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டேன்' என்று எழுதிக்கொண்டு வருகிறேன். இதுவரை முப்பத்தேழு. தினமும் ஷிஃப்ட்டுக்கு முன்னால் அரை மணி நேரம். தீரும் என்று தோன்றவில்லை, இருந்தாலும் எழுதுவேன்.

3. நாளைக் காலை பஸ் ஸ்டாண்டுக்கு உன் பெட்டியை நான்தான் தூக்கி வருவேன். முறுக்கு டப்பாவும் என் கையில்தான். எதுவானாலும் இதில் மாற்றம் இல்லை.

4. சென்னைக்காரர்கள் உன் வேலையை எடுத்துவிட்டால், வேறு கிடைக்கும்வரை உன் செலவு என்னுடையது. அதைப் பற்றி ஒரு நாளும் குத்திக்காட்ட மாட்டேன். கத்துவேன், அது வேறு.

5. இன்று சாயங்காலம் நாலு மணிக்குச் சுரீந்தரின் அறைக்குக் கிளம்புகிறேன். வரலாமா என்று கேட்டுவிட்டேன், தலையாட்டினான். அம்மா தூக்கில் களி தருகிறாள். வண்டியில் இரண்டு ஹெல்மெட் மாட்டியிருக்கும். நான் யாருக்காகவும் காத்திருக்கிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும், இன்றைக்கு நாலேகால் வரை நிற்பேன். மாவு வாங்கி வரச் சொல்ல இப்போது மாடிக்கு வந்த உன் அம்மா, "அவ வருவாளாங்க?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.